எட்டாவது அலை

கறுப்புத் தட்டிக்குப் பின்னால் ஒரு சின்ன பல்பு இருந்தது. பச்சையானால் இழுக்க வேண்டும், சிவப்பானால் நிறுத்த வேண்டும். தையல்காரி கையுறையை மாட்டிக்கொண்டு, கயிற்று முடிச்சைப் பிடித்தபடி பல்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். தட்டிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் செருப்பைக் கழற்றும் சத்தமும் பாயில் சாயும் சத்தமும் கேட்டன. தரைக்கு மேலே தட்டியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி. அதன் வழியாக அவளுக்குத் தெரிவது வரிசையாகப் படுத்திருப்பவர்களின் உள்ளங்கால்கள் மட்டும்தான். இன்றைக்கு ஒருவர் காலுறையில் பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது.

பல்பு பச்சையானது. மூன்று எண்ணி இழுத்தாள். இரண்டு எண்ணும் வரை பிடித்து நின்றாள். நான்கு எண்ணி மெதுவாக விட்டாள். அவள் விட ஆரம்பிக்கும்போது, நாற்பது மீட்டர் தள்ளி இன்னொரு கறுப்புத் தட்டிக்குப் பின்னால் அவள் வீட்டுக்காரர் இழுக்க ஆரம்பித்திருப்பார். அவரைப் பார்க்க முடியாது. பேசவும் கூடாது. கயிற்றில் வரும் இழுவையை வைத்துத்தான் அவர் இருப்பதே தெரியும்.

நடுவில் இருந்தது கடல். நூற்றுப்பன்னிரண்டு துண்டுகளை ஒட்டித் தைத்த ஒரே துணி, கூரையிலிருந்து கப்பிகளில் தொங்கியது. சாம்பலும் நீலமுமாக, ஊசி பட்டாலே வழுக்கி ஓடும் மெல்லிசுத் துணி. அதைத் தைத்து முடிக்க அவளுக்கு இரண்டு மாதம் ஆனது. ஒரு முனையை இழுத்து விட்டால் துணிக்கு அடியில் காற்று புகுந்து, அலை ஒன்று கூடத்தின் மறுமுனை வரை ஓடும். கீழே படுத்திருப்பவர்களின் முகத்துக்கு ஒரு முழம் மேலே வரை இறங்கி, தொடாமல் மேலே போகும். தொட்டுவிட்டால் அவ்வளவுதான், சூப்பர்வைசர் வந்து நிற்பார்.

கண்காட்சிக் கூடத்தின் வாசலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் கடலின் பெயரும், செய்தவர் பெயரும், எதனால் செய்தது என்ற விவரமும் எழுதி மாட்டியிருந்தது. துணி, கயிறு, கப்பி, மோட்டார், காற்று.

அந்த மோட்டார்தான் திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் புகைந்துபோனது. கடலைச் செய்த அம்மாவை வேலைக்காரர்கள் தங்களுக்குள் கடல்காரம்மா என்பார்கள். அவர் அன்றைக்குத் தரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். வேறு மோட்டார் கப்பலில் வர ஏழு வாரம் ஆகும் என்றார்கள். கூரை வேலைக்குக் கட்டிய கடைசிச் சாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்த சாரக்காரர், கப்பி ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக மோட்டாரிலிருந்து கயிற்றை உருவிக் கையால் இழுத்துப் பார்த்தார். துணி எழுந்தது. விட்டார். கடல்காரம்மாவும் எழுந்தார்.

இன்னொரு தடவை இழுங்கள் என்றார். மறுமுனைக்கும் ஆள் வேண்டியிருந்தது. விளிம்பில் நூல் வெட்டிக்கொண்டிருந்த மனைவியைச் சாரக்காரர் கூப்பிட்டார். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள். பத்து அலை போயிருக்கும், கடல்காரம்மா வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். மோட்டாருக்கு இது ஒருநாளும் வந்ததில்லை என்றார். அந்த அழுகையில் பொய் இல்லை என்று தையல்காரி இன்றைக்கும் சொல்வாள்.

மறுநாளே இருவருக்கும் தலைக்கு ஒரு செட் கறுப்பு உடை கொடுத்தார்கள். இருமக் கூடாது, பேசக் கூடாது, வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது. வாசலில் மோட்டார் என்று எழுதியாயிற்று, இனிமேல் மாற்ற முடியாது என்றார் சூப்பர்வைசர்.

"அப்ப இனிமே என்னை மோட்டார்னே கூப்பிடு" என்று சாரக்காரர் அன்று பஸ்ஸில் சொல்லிச் சிரித்தார். "நீ சின்ன மோட்டார்."

சிரிக்கிற அளவுக்கு அவருக்கு மனசு லேசாக இருந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. நான்கு வருடத்துக்கு முன்னால் ஐந்தாவது மாடி உயரத்தில் கழி நழுவி, வலது கையாலேயே தொங்கிக்கொண்டிருந்தவரை இரண்டு பேர் சேர்ந்து மேலே தூக்கினார்கள். உயிர் பிழைத்தது, தோள்பட்டை பிழைக்கவில்லை. கையைக் காதுக்கு மேலே தூக்க முடியாத சாரக்காரரை எந்த மேஸ்திரி கூப்பிடுவான்? தெரிந்தவர்கள் முகத்துக்காகத் தரையில் நின்று செய்யும் வேலைகளாகப் பார்த்துக் கொடுத்தார்கள். ஆபரேஷன் செய்தால் சரியாகும், தள்ளிப்போடப் போடத் தசைநார் நைந்துகொண்டே போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அரசு ஆஸ்பத்திரியில் பெயர் எழுதிவைத்துக் காத்திருந்தார்கள்.

இப்போது ஒரு வழி தெரிந்தது. இந்த ஊரில் மூன்று மாதம் முடிந்ததும் கடல் இரண்டு வருடத்தில் இன்னும் மூன்று ஊர்களுக்குப் போகப்போகிறது. கூடவே போகிறவர்கள் நிரந்தரம். நிரந்தரமானால் மருத்துவ அட்டை கிடைக்கும், அட்டை இருந்தால் பெரிய ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன். "உங்களை விட்டா வேற யாரு இருக்கா?" என்று சூப்பர்வைசர் வாயாலேயே சொன்னார். ஆனால் தோள்பட்டை விஷயம் தெரிந்தால் அந்த வாய் வேறு மாதிரி பேசும். அதனால் இருவரும் மூச்சு விடவில்லை. மகளிடம்கூட அப்பாவுக்கு அங்கே கதவு திறக்கும் வேலை என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

மூன்றாவது வாரம் ஒரு தடுமாற்றம் வந்தது. ஏழெட்டு இழுப்புக்கு ஒருமுறை அவருடைய கை பாதியில் நின்றுவிடும். ஒரு நொடிதான். துணி நடுவானில் நடுங்கி நிற்கும், அவள் பக்கத்துக் கயிறு சட்டென்று தொய்யும். அதற்குள் அவள் அரை முழம் கூடுதலாக இழுத்து, துணியைக் கீழே இறங்கவிடாமல் பிடித்துக்கொள்வாள். அவர் சமாளித்துக்கொண்டு மீண்டும் இழுப்பார். கீழே படுத்திருப்பவர்கள் அந்த இடத்தில் மூச்சை இழுத்துப் பிடிப்பது தட்டி வரைக்கும் கேட்கும். பயந்துவிட்டார்கள் போல என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. எத்தனை தடவை அரை முழம் கூடுதலாக இழுத்தாள் என்று அவளும் சொல்வதில்லை, அவரும் கேட்பதில்லை. சாப்பிட உட்காரும்போது அவள் தட்டை அவருடைய இடது கைப் பக்கமாக நகர்த்தி வைப்பாள், அவ்வளவுதான்.

ஆறாவது வாரம் சூப்பர்வைசர் வந்து, யார் யார் கடலோடு போவது என்று அடுத்த வாரம் முடிவாகிவிடும் என்றார். மறுநாள் காலையில் ஓர் இன்ஜினியர் வந்தான். சின்ன வயசு, மரியாதை தெரிந்த பிள்ளை. இருவருடைய கயிறும் கப்பியில் ஏறும் இடத்தில் சோப்பு டப்பா அளவுக்கு ஆளுக்கொரு பெட்டியைப் பொருத்தினான். பெட்டியிலிருந்து ஒயர் இறங்கி ஒரு கம்ப்யூட்டருக்குள் போனது.

"இது எதுக்கு தம்பி?" என்று கேட்டாள்.

"நீங்க எவ்வளவு இழுக்கறீங்க, எவ்வளவு நேரம் பிடிக்கறீங்க, எப்ப விடறீங்கன்னு பதிஞ்சுக்கும்க்கா. மூணு நாளைக்கு. நீங்க பாட்டுக்கு எப்பவும்போல இழுங்க."

மோட்டாரை இந்த மாதிரி ஓட்டப்போகிறோம் என்று அவன் சொல்லவில்லை. அவளும் மேலே கேட்கவில்லை, ஏனென்றால் தனக்குத் தெரிந்துவிட்டதாக நினைத்தாள். பதினோரு வருடம் சட்டை கம்பெனியில் தைத்தவள் அவள். அங்கே யாரையாவது நிரந்தரம் ஆக்குவதற்கு முன்னால் மூன்று நாள் முதுகுக்குப் பின்னால் ஒருவன் கடிகாரத்தோடு நிற்பான். காலர் வைக்க எத்தனை நொடி, பொத்தான் துளை போட எத்தனை நொடி என்று எழுதுவான். அந்த மூன்று நாளும் பெண்கள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள், குடித்தால் எழுந்து போக வேண்டி வரும். கடிகாரக்காரன் நின்று போன பிறகுதான் நிரந்தரக் கடிதம் வரும். அவளுக்கும் அப்படித்தான் வந்தது. கம்பெனியை மூடும் வரை இருந்தது.

அன்று இடைவேளையில் தட்டிகளுக்கு நடுவில் இருந்த நடையில் நின்று அவரிடம் சொன்னாள். "பெட்டி நம்மளைத்தான் பாக்குது. மூணே நாளு. இந்த மூணு நாள் மட்டும் கை நிக்காம பாத்துக்கங்க. நான் இழுத்துக் குடுத்தா என் பெட்டியில ஜாஸ்தியா விழும், ரெண்டையும் பக்கத்துல வெச்சா குட்டு வெளிப்பட்டுடும்."

"நீ இழுக்காத" என்றார் அவர். "நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். அன்று முழுக்க ஓர் இழுப்புகூடத் தடுமாறவில்லை. ஒவ்வோர் அலையும் கோடு போட்டது போல வந்தது. எட்டாவது இழுப்பு வரும்போதெல்லாம் அவள் விரல்கள் தாமாகவே இறுகும், ஆனால் கயிறு தொய்யாது. அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சாயங்காலம் பஸ்ஸில் அவர் இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது கையைச் சட்டைப் பைக்குள் மாட்டிவைத்திருந்தார். கைக்கு ஒரு பிடிமானம் வேண்டும் என்று அப்படி வைத்திருக்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. பெருமை அதோடு போயிற்று.

இரண்டாம் நாள் காலை இன்ஜினியர் தயங்கித் தயங்கி அவளிடம் வந்தான். முன்பெல்லாம் எட்டு அலைக்கு ஒருமுறை துணி நடுவில் ஒரு தடுமாற்றம் வருமே, நேற்று முழுக்க அதைக் காணோமே, கடலைச் செய்த அம்மா வெளிநாட்டிலிருந்து போன் செய்து கேட்கிறார்கள் என்றான்.

ஆக, இத்தனை நாளும் அவர்களுக்குத் தெரிந்தே இருக்கிறது.

"கப்பி கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சு தம்பி. எண்ணெய் விட்டோம், சரியாயிடுச்சு" என்றாள்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் பல்பு பச்சையாகிவிட்டது.

சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பின்னால் பலமுறை யோசித்திருக்கிறாள். அப்போது யோசிக்க நேரமில்லை. அன்று மதியத்துக்கு மேல் தடுமாற்றம் திரும்ப வந்தது, முன்னைவிட மோசமாக. முதலில் பத்து இழுப்புக்கு ஒன்று, பிறகு எட்டுக்கு ஒன்று. கை நிற்கும், நடுங்கும், ஒரு விரற்கடை கீழே வரும், பிறகு யாரோ கிணற்றிலிருந்து தூக்குவது போல மெல்ல ஏறும். இழுக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மூளை சொன்னது கைக்குக் கேட்கவில்லை. கயிறு தொய்ந்த கணமே அரை முழத்தை இழுத்துவிட்டிருந்தாள். மேலே சோப்பு டப்பா சின்னதாக ஒரு பச்சைப் புள்ளியைக் காட்டிக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் போக வேண்டாம் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தாள். மகள் அப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். கதவு திறக்கிற வேலைக்கு எப்படித் தோள் இப்படி வீங்கும் என்று அவள் கேட்டதற்கு, பெரிய கதவு என்றார் அவர்.

அன்று கடைசிக் கூட்டம் உள்ளே வந்தபோது தையல்காரிக்கு உள்ளங்கால்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பச்சை விழுந்தது. ஏழு அலை போனது. எட்டாவதில் கயிறு தொய்ந்தது, அவள் இழுத்தாள், கயிறு ஏறவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. துணி ஒருவர் நெற்றியைத் தொடப்போகும் நேரத்தில் அந்தப் பக்கம் கோணலாக ஓர் இழுப்பு வந்தது. அது வலது கை இழுப்பு இல்லை. இடது கையும் உடம்பின் கனமும் சேர்ந்த இழுப்பு. சிவப்பு விழும் வரை அவர் அப்படியேதான் இழுத்தார்.

ஓடிப் போய்ப் பார்த்தபோது கயிற்றில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"உள்ள ஏதோ அறுந்துடுச்சு" என்றார். பிறகு, "பெட்டி பாத்திருக்காது. கூட்டம் முடியற நேரந்தான்" என்றார்.

நாளை ஒருநாள் விடுமுறை, நாளை மறுநாள் வந்தால் போதும் என்று சூப்பர்வைசர் சொல்லியனுப்பினார். மறுநாள் அரசு ஆஸ்பத்திரியில் இரண்டு வரிசையில் நின்று காட்டினார்கள். நார் முழுதாக அறுந்துவிட்டது, நைந்திருந்தபோதே செய்திருந்தால் ஒட்டியிருக்கலாம், இனி செய்தாலும் பழையபடி வராது என்றார் டாக்டர். கையை மார்போடு சேர்த்துக் கட்டி அனுப்பினார். எப்படி ஆனது என்று அவர் கேட்டதற்கு சாரக்காரர் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது என்ற பேச்சை அங்கேயும் காப்பாற்றினார்.

அதற்கு மறுநாள் அவர் மேல்சட்டையைப் போர்த்தி, கட்டை மறைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். அவளால் தடுக்க முடியவில்லை. கூடத்தில் தட்டிகள் இருந்தன. தட்டிகளுக்குப் பின்னால் அவர்கள் நின்ற இடத்தில் புதிதாகப் பெயின்ட் வாசனையோடு ஆளுக்கொரு மோட்டார் இருந்தது. கப்பல் சொன்னதற்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தது. இன்ஜினியர் ஊருக்குப் போய்விட்டான்.

சூப்பர்வைசர் இருவருக்கும் டீ வரவழைத்துக் கொடுத்தார். நல்ல மனுஷன்தான், கண்ணைப் பார்த்துப் பேசத்தான் வரவில்லை. "உங்க இழுப்பை அப்படியே மோட்டார்ல ஏத்தியாச்சு. ஒரு நூல்கூடப் பிசகாது. அம்மாவுக்கு ரொம்பத் திருப்தி" என்றார். கடலோடு ஊர் ஊராகப் போவது பற்றி சாரக்காரர் கேட்டார். மோட்டார் போகும் என்றார் சூப்பர்வைசர். பிறகு கடல்காரம்மா வெளிநாட்டிலிருந்து அனுப்பியது என்று ஒரு வாழ்த்து அட்டையை எடுத்து நீட்டினார். அலை படம் போட்ட அட்டை. உள்ளே அவர் கைப்பட எழுதியிருந்தார், உங்கள் கைகளுக்கு என் நன்றி என்று.

சாரக்காரர் இடது கையால் அதை வாங்கினார். "அட்டை வந்துடுச்சு பாரு" என்றார் மனைவியிடம். சூப்பர்வைசருக்கு அது விளங்கவில்லை. அவள் டீயைக் குடிக்காமல் கீழே வைத்தாள்.

கறுப்பு உடையைத் துவைத்துத் தேய்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. பத்து நாள் கழித்து அவள் மட்டும் இரண்டு செட்டையும் கையுறைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போனாள். அந்தப் பத்து நாளும் மாத்திரை போட்டும் அவருக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. கண் அசந்தால் வலது தோள் துள்ளும், எழுந்து உட்கார்ந்துகொள்வார். கனவிலும் இழுக்கிறேன் போல என்பார். மகளுக்கு உண்மை தெரிந்துவிட்டது. அவள் அப்பாவிடம் நன்றாகப் பேசினாள், அம்மாவிடம் பேசவில்லை. மூணு நாள் மட்டும் பாத்துக்கங்க என்று சொன்னது யார் என்று அப்பா வாய்தவறிச் சொல்லியிருந்தார்.

சூப்பர்வைசர் வெளியே போயிருந்தார். டிக்கெட் வாங்கிப் பார்க்கும் வாசல்காரப் பெண் பையை வாங்கி வைத்துக்கொண்டாள். கூட்டம் குறைவுதான், இடம் இருக்கிறது, நீங்கள் ஒருநாளும் உள்ளே படுத்துப் பார்த்ததில்லையே, போய்ப் பாருங்கள் அக்கா என்றாள். உண்மைதான். தைத்ததும் அவள், ஆறு வாரத்துக்கு மேல் இழுத்ததும் அவள். அடியிலிருந்து பார்த்ததில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு ஓரத்துப் பாயில் படுத்தாள். விளக்கு மங்கியது. துணி எழுந்தது. தலைக்கு மேலே அவள் போட்ட தையல்கள் வெளிச்சத்தில் மெல்லிய கோடுகளாகத் தெரிந்தன. கோடு ஒவ்வொன்றும் வளைந்து நிமிர்ந்து அடுத்ததுக்கு அலையைக் கொடுத்துவிட்டுப் போனது. இவ்வளவு அழகாகவா இருந்தது என்று ஒரு கணம் எல்லாவற்றையும் மறந்து பார்த்தாள். காற்று முகத்தில் பட்டது. பழக்கத்தில் எண்ண ஆரம்பித்திருந்தாள். மூன்று எண்ணி இழுப்பு, இரண்டு பிடி, நான்கு எண்ணி விடுதல். ஐந்தாவது அலை, ஆறாவது, ஏழாவது.

எட்டாவது பாதியில் நின்றது. நடுங்கியது. ஒரு விரற்கடை இறங்கியது.

அது அவருடைய தோள். இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல் வந்த அதே நடுக்கம். கூடத்தில் எல்லோரும் ஒன்றாக மூச்சைப் பிடித்தார்கள். அவளுடைய கை பாயிலிருந்து எழுந்து காற்றை இறுக்கிப் பிடித்தது. ஆனால் அவள் இழுப்பதற்குள் மறுமுனையிலிருந்து அரை முழம் கூடுதலாக ஓர் இழுப்பு வந்து துணியைத் தாங்கிக்கொண்டது. அதுவும் அவள்தான். யாரோ கிணற்றிலிருந்து தூக்குவது போலத் துணி மெல்ல ஏறியது. பக்கத்துப் பாயில் படுத்திருந்தவள் தன் கூட வந்தவனிடம் தலையைச் சாய்த்து, "இந்த இடந்தான். இதுக்காகத்தான் ரெண்டாவது தடவை வந்தேன்" என்று ரகசியமாகச் சொன்னாள்.

மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாள். எண்ணாமல் இருக்க முடியவில்லை. முன்பு ஏழிலும் வரும், ஒன்பதிலும் வரும், வலி குறைந்த நாட்களில் வராமலே போகும். இப்போது எட்டு என்றால் எட்டு. அடுத்த எட்டாவதிலும் அதே இடத்தில் நின்றது, அதே அளவுக்கு நடுங்கியது. அதற்கு அடுத்ததிலும். இன்னும் மூன்று ஊர், இரண்டு வருடம்.

"போதுங்க" என்றாள் அவள், வாய்விட்டு. "விட்டுடுங்க. கை போயிடும்."

நான்கைந்து தலைகள் திரும்பின. இருட்டில் வாசல்காரப் பெண் குனிந்து ஓடிவந்து, பாயருகே மண்டியிட்டு, உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். தையல்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். மேலே ஏழாவது அலை போய்விட்டு, எட்டாவது வந்துகொண்டிருந்தது.